தலைக்கு ஒரு பென்னி

இங்கிலாந்தின் சிறு பறவைகளில் ஆண் புல்ஃபிஞ்ச்சை மிஞ்சிய அழகன் கிடையாது என்பது என் கட்சி. ராபின் பிரியர்கள் சண்டைக்கு வரலாம்; வரட்டும். ராபின் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வலிய வந்து காட்டிக்கொள்ளும் பறவை. மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினால் போதும், புழு கிளம்புமா என்று காலடியில் வந்து நிற்கும். வாழ்த்து அட்டை, பிஸ்கட் டப்பா, தேநீர்க் கோப்பை என்று எங்கே திரும்பினாலும் அதன் படம். புல்ஃபிஞ்ச் கூச்ச சுபாவி. அதே தெருவில், அதே வேலிக்குள் வருஷம் பூராவும் குடியிருக்கும். அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

நான் இருப்பது கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். கென்ட்டுக்கு 'இங்கிலாந்தின் தோட்டம்' என்று பட்டப்பெயர். ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம் எல்லாம் இங்கே காலங்காலமாக விளைகின்றன. ஃபேவர்ஷாம் அருகே புரோக்டேலில் இருக்கும் தேசியப் பழ மரத் தொகுப்பில் ஆப்பிளில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களை வளர்க்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் புல்ஃபிஞ்ச் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அழகு என்ற பேச்சே வராது. முகத்தைச் சுளிப்பார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.

சிட்டுக்குருவியைவிடச் சற்றே நீளம். கழுத்து என்ற ஒன்று இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும் பருத்த உடம்பு. எடை 25 கிராமுக்கு முன்பின்தான். அலகு குட்டை, தடிமன், பளபளக்கும் கறுப்பு. அலகைச் சுற்றியும் உச்சந்தலையிலும் அதே கறுப்பு, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்ட மாதிரி. ஆணுக்குக் கன்னத்தில் தொடங்கி வயிறு வரை ஒரே சீரான ரோஜாச் சிவப்பு. ராபினின் ஆரஞ்சோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதுகு சாம்பல், சிறகும் வாலும் கறுப்பு, சிறகின் குறுக்கே ஒரு வெளிர் பட்டை. பெண்ணுக்கும் எல்லாம் அப்படியே, மார்பு மட்டும் பழுப்போடிய இளஞ்சாம்பல். பலர் பெண் பறவையை மங்கல் என்று ஒதுக்குகிறார்கள். குளிர்கால வெயில் சாய்வாக விழும்போது அந்த மார்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கூட்டை விட்டு வந்த குஞ்சுக்குத் தொப்பி இருக்காது. பழுப்பு முகத்தில் கறுப்புக் கண் ஒன்றுதான் பெரிதாகத் தெரியும்.

இத்தனையும் சொன்னேனே, வெளியே போனால் இதில் பாதி உதவாது. சிவப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு புல்ஃபிஞ்ச் கிடைப்பதில்லை. வெறும் கிளைகளும் காய்ந்த இலைகளும் நிறைந்த உயிர்வேலிக்குள் அந்தச் சிவப்பு எப்படித்தான் மறைகிறதோ, மறைந்துவிடுகிறது. நம்ப வேண்டியது இரண்டு அடையாளங்களை. ஒன்று, பிட்டத்தின் வெள்ளை. நம் காலடிச் சத்தம் கேட்டு வேலியின் மறுபக்கமாக நழுவி ஓடும்போது, வாலுக்கு மேலே சதுரமாக ஒரு தூய வெள்ளை பளிச்சென்று தெரியும். அடுத்த நொடி ஆள் இருக்காது. அதன் பின்னாலேயே இன்னொரு வெள்ளை. எப்போதும் ஜோடிதான், இணை சேர்ந்தவை குளிர்காலத்திலும் பெரும்பாலும் பிரிவதில்லை. ஒன்றைப் பார்த்துவிட்டால் அவசரப்பட்டு நடக்காதீர்கள், இரண்டாவது கிளம்பும். வெள்ளைப் பிட்டம் குளிர்காலத்தில் வரும் பிராம்ப்ளிங்குக்கும் உண்டு, ஜே பறவைக்கும் உண்டு. ஆனால் ஜே புறா அளவு பெரியது. பிராம்ப்ளிங் பெரும்பாலும் கூட்டமாக இருக்கும், தோளில் ஆரஞ்சு தெரியும். சாஃபிஞ்ச் ஆணின் மார்பும் சிவப்புச் சாயல்தான், அதன் பிட்டமோ பச்சை.

இரண்டாவது அடையாளம் குரல். உதட்டைக் குவித்து மெதுவாக 'ஃப்யூ' என்று ஊதிக் கடைசியில் கொஞ்சம் இறக்குங்கள். அவ்வளவுதான் குரல். பக்கத்தில் ஒரு கார் போனால் கேட்காது. காற்று அடித்தால் கேட்காது. காலையில் காற்றில்லாத நேரத்தில், நார்த் டவுன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் போகும் பில்கிரிம்ஸ் வே பாதையில் நடக்கும்போது எனக்கு முக்கால்வாசி புல்ஃபிஞ்ச் காதில்தான் முதலில் விழும். வேலிக்குள் ஓரிடத்தில் ஒரு 'ஃப்யூ', நாலடி தள்ளி அதற்குப் பதில். ஜோடி ஒன்றையொன்று விட்டுப் போகாமல் இருக்கத்தான் இந்தப் பேச்சு. நாமும் அதே மாதிரி சீட்டி அடித்தால் சில நேரம் பதில் வரும், சில நேரம் ஆர்வம் தாங்காமல் ஒரு கிளை முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். (கூடு கட்டும் பருவத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். ஃபோனில் பதிவை ஓடவிட்டு அழைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) பாட்டு என்று தனியாக ஒன்று உண்டு. கிறீச்சென்று ஒரு கீச்சல், நடுவில் இரண்டு சீட்டி. கச்சேரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

இதற்கெல்லாம் மேலே, எந்த மாதத்தில் எந்தச் செடி காய்த்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் பறவையைத் தேடி அலையவே வேண்டாம். புல்ஃபிஞ்ச் நல்ல சாப்பாட்டு ராமன். அவனுக்கு ஒரு பருவ அட்டவணை உண்டு. மே மாதத்தில் டேண்டிலயன் விதை. கோடையில் டாக் கீரை, தொட்டால் அரிக்கும் நெட்டில். இலையுதிர் காலத்தில் பிளாக்பெர்ரி முள்புதரில் பழம் காய்ந்து கறுத்த பிறகு மிஞ்சும் விதை. நாம் பறித்துத் தின்னும் சதை அதற்கு வேண்டாம், உள்ளே இருக்கும் பருப்புத்தான் வேண்டும். அதன்பிறகு குளிர்காலம் முழுக்க ஆஷ் மரம்.

ஆஷ் மரத்தில் அது தின்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஆஷின் காய்கள் கொத்துக் கொத்தாக, இலை உதிர்ந்த பிறகும் பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காயும் ஒரு விதையும் அதோடு ஒட்டிய மெல்லிய இறக்கையும். புல்ஃபிஞ்ச் கொத்தின் காம்பில் உட்கார்ந்து, தலையைத் தொங்கப்போட்டு, ஒரு காயைக் கிள்ளி எடுக்கும். அலகுக்குள் அதை உருட்டும். கீழ்த்தாடை மட்டும் பக்கவாட்டில் அசையும், தலை அசையாது. இறக்கை கழன்று சுழன்று கீழே விழும். பிறகு தோல் விழும். பருப்பு உள்ளே போய்விடும். அடுத்த காய். பரபரப்பே கிடையாது. மரத்தடியில் நின்றால் தலைமேல் சருகு மாதிரி பொழுபொழுவென்று உதிர்ந்துகொண்டே இருக்கும். பனி படிந்த காலையில் அண்ணாந்து கிளைகளைத் துழாவுவதைவிட, தரையில் புதிதாக விழுந்த இறக்கைகளைத் தேடுவது எனக்கு எளிது. அவை இருக்கும் மரத்தின் மேலே பெரும்பாலும் ஆள் இருப்பான்.

குஞ்சு பொரித்த காலத்தில் இன்னொரு விசேஷம். தாய்தந்தை இரண்டுக்கும் வாயின் அடித்தளத்தில், நாக்கின் இருபுறமும் இரண்டு பைகள் வளரும். அந்தப் பருவத்தில் மட்டும்தான். விதைகளையும் சிறு பூச்சி புழுக்களையும் அந்தப் பைகளில் நிரப்பிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும். அப்படி நிரம்பியிருக்கும்போது தொண்டை வீங்கி, கடைக்குப் போய்ப் பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பஸ்தனின் களை முகத்தில் தெரியும்.

போன முறை அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தபோது மே மாதம். பின்பக்கத்துப் புல்தரையில் டேண்டிலயன் மண்டிக்கிடந்தது. நான் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய்யா, களைய இப்படி வளர விட்டா வீடு வெளங்குமா?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஜோடி வந்து இறங்கியது. ஆண், டேண்டிலயன் தண்டின் மேலேயே ஏறி நின்றது. தண்டு வளைந்து தலை தரையைத் தொட்டது. காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டு, பஞ்சை விலக்கி விதையை மட்டும் உருவித் தின்றது. அம்மா சன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சத்தமே போடாம திங்குது பாரு. சரி, அதுக தின்னுட்டுப் போகட்டும், பெறகு புடுங்கிக்கிடலாம்" என்றார். அது இன்றுவரை பிடுங்கப்படவில்லை.

இனி, முகம் சுளிக்கும் கதை. குளிர்காலம் முடியும் தறுவாயில் விதைகள் தீர்ந்துபோகும். புது விதை வர இன்னும் மாதங்கள் இருக்கும். அந்த இடைவெளியில் புல்ஃபிஞ்ச்சின் கண் பூமொட்டுகள் மேல் விழுகிறது. ஹாதார்ன், பிளாக்தார்ன் வேலிகளின் மொட்டு சரி, யாரும் கேட்கப் போவதில்லை. பழத்தோட்டத்து பேரி, பிளம், கூஸ்பெர்ரி மொட்டுகள் என்றால் விஷயமே வேறு. ஒரு நிமிஷத்துக்கு முப்பது மொட்டு வரை கிள்ளக்கூடிய பறவை இது. மேல்தோலை உரித்துத் துப்பிவிட்டு, உள்ளே இருக்கும் பூவின் கருவை மட்டும் தின்னும். கான்ஃபரன்ஸ் என்ற பேரி ரகம் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை.

1566-இல், முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில், தானியத்துக்கும் பழத்துக்கும் கேடு செய்யும் உயிர்களைக் கொன்றால் பணம் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் புல்ஃபிஞ்ச்சின் பெயர் இருக்கிறது. தலைக்கு ஒரு பென்னி. தலையைக் கொண்டுபோய்க் கோயில் நிர்வாகிகளிடம் காட்டினால் காசு. ஊர் ஊராகத் தேவாலயக் கணக்குப் புத்தகங்களில் இந்தச் செலவு பதிவாகியிருக்கிறது. பிறகு நூற்றாண்டுகள் போயும் பகை தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பாதிக்குப் பிறகும் கென்ட் பக்கத்துத் தோட்டங்களில் கூண்டுப்பொறி வைத்து இதைப் பிடித்துக் கொன்றார்கள். எங்கள் தெருவில் எண்பது தாண்டிய ஒருவர் இருக்கிறார். இளவயதில் பேரித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பறவைகளுக்குத் தீனி வைக்கும் என் ஃபீடருக்கு ஜோடி வருகிறது என்று பெருமையாகச் சொன்னேன். "ஃபீடரில் தின்னும் வரை நல்லது" என்றார், சிரிக்காமல். வேலியோரத்து வரிசை மரங்களில் ஒரு வசந்தத்தில் பூவே வராமல் போன கதையை அவர் சொன்னால் இன்னும் கோபம் தெரியும்.

வேலியோரத்து வரிசை என்று அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. புல்ஃபிஞ்ச் மறைவிடத்தை விட்டு வெகுதூரம் போகப் பயப்படும். காரணம் ஸ்பாரோஹாக் என்ற வல்லூறு. வேலிக்கும் காட்டுக்கும் ஒட்டிய மரங்கள்தான் முதலில் அடிபடும். தோட்டத்தின் நடுமரம் தப்பித்துவிடும். 1950களிலும் 60களிலும் பூச்சிமருந்தால் வல்லூறுகள் அழிந்துபோன காலத்தில் இந்தப் பறவை துணிந்து வெட்டவெளிக்கு வந்தது என்றும், அதனால்தான் அப்போது தோட்டக்காரர்களுக்கு அவ்வளவு தொல்லை என்றும் ஒரு வாதம் உண்டு. எல்லாரும் ஏற்பதில்லை. எனக்கு நம்பும்படி இருக்கிறது.

இந்த வழக்கில் உருப்படியாக ஒரு வேலை செய்தவர் இயன் நியூட்டன். 1960களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, அருகே வைத்தம் காட்டில் புல்ஃபிஞ்ச் என்ன தின்கிறது என்று பருவம் பருவமாகப் பின்தொடர்ந்தார். அவர் கண்டது இது: ஆஷ் மரம் நன்றாகக் காய்த்த வருஷத்தில் பறவைகள் வசந்தம் வரை காட்டோடு இருந்துகொள்கின்றன. ஆஷ் பொய்த்த வருஷத்தில் நடுக்குளிர்காலத்திலேயே பழத்தோட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ஆஷ் ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் ஏமாற்றும் மரம். அதனால்தான் தோட்டங்களில் சேதமும் ஒரு வருஷம் அதிகம், ஒரு வருஷம் குறைவு. இன்னொன்றும் சொன்னார்: பேரி மரம் தன் பூமொட்டுகளில் பாதியை இழந்தாலும் விளைச்சல் குறையாமல் தாக்குப்பிடிக்கும். எப்படியும் எல்லாப் பூவும் காயாவதில்லையே. ஆக, தலைக்கு ஒரு பென்னி கொடுத்த நாட்களில் பாதிச் செலவு தண்டம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஆஷ் மரத்துக்கே இப்போது ஆபத்து. ஆஷ் டைபேக் என்ற பூஞ்சை நோய் பிரிட்டனில் முதன்முதலாக உறுதியானது 2012-இல். கென்ட் ஆரம்பத்திலேயே அடிவாங்கிய மாவட்டம். பாதையோரத்தில் மொட்டை உச்சியோடு நிற்கும் ஆஷ்களைப் பார்க்கும்போதெல்லாம் புல்ஃபிஞ்ச்சின் குளிர்காலச் சோற்றுப்பானை என்னாகும் என்ற கவலை வருகிறது. ஏற்கெனவே 1970களின் பாதியிலிருந்து இதன் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. வேலிகளைப் பிடுங்கி வயலைப் பெரிதாக்கியது, மிச்ச வேலிகளை இயந்திரத்தால் வருஷா வருஷம் ஒட்ட வெட்டியது, மான்கள் பெருகிக் காட்டின் அடிப்புதரை மேய்ந்து தீர்த்தது என்று பல காரணம் சொல்கிறார்கள். பிரிட்டனின் பறவைகள் மதிப்பீட்டில் சிவப்புப் பட்டியலில் இருந்து, 2009-இல் அதைவிடச் சற்றுக் கவலை குறைந்த ஆம்பர் பட்டியலுக்கு மாறியது. 2021 மதிப்பீட்டிலும் அங்கேதான். கொஞ்சம் மூச்சுவிட்டிருக்கிறது, அவ்வளவே.

பாட்டில் ஏமாற்றும் பறவை என்றேன். சொல்லிக்கொடுத்தால் பிரமாதமாகப் பாடும் என்பது வேறு கதை. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் ஃபோகல்ஸ்பெர்க் என்ற மலைநாட்டில், குஞ்சிலிருந்தே கையால் ஊட்டி வளர்த்து, நாட்டுப்புற மெட்டுகளைச் சீட்டியாகவோ குழலிலோ திரும்பத் திரும்பக் கேட்கவைத்து அந்தக் காலத்தில் பழக்குவார்கள். தேறிய பறவைகள் லண்டன் வரை விலைபோயின. இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதை ஜெர்மன் ஆய்வாளர் யூர்கன் நிக்கொலாய் 1950களில் காட்டினார். ஆண் குஞ்சு தன்னை வளர்த்த தகப்பனிடமிருந்துதான் பாட்டைக் கற்கிறது. கேனரிப் பறவை வளர்த்த ஒரு புல்ஃபிஞ்ச் கேனரி போலவே பாடி, அதைத் தன் பிள்ளைகளுக்கும் கடத்தியது.

நம் ஊர்ப் பக்கம் இது உண்டா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் கிடையாது. இமயமலையில் இதன் உறவினர்கள் நான்கு வகை இருக்கிறார்கள், சிவப்புத் தலை, சாம்பல் தலை, ஆரஞ்சு, பழுப்பு என்று. ஆரஞ்சு நிறத்தவன் காஷ்மீர்ப் பக்கம். தென்னிந்திய மலைகளுக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் ரோஸ்ஃபிஞ்ச் இதே குடும்பத்தில் தூரத்துச் சொந்தம். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குக் கடைசியாக. ஃபீடரில் தோல் நீக்கிய சூரியகாந்தி விதை போடுங்கள். வேலிக்கு அருகில் தொங்கவிடுங்கள், நட்ட நடுப் புல்வெளியில் தொங்கவிட்டால் இவர் வரமாட்டார். வாரம் ஒருமுறை ஃபீடரைத் தேய்த்துக் கழுவுங்கள். 2006-க்குப் பிறகு டிரைக்கோமோனாஸ் நோய் கிரீன்ஃபிஞ்ச்சுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதற்கு அழுக்கு ஃபீடர்களும் ஒரு காரணம். ஜனவரிக் கடைசி வார இறுதியில் நடக்கும் பெரிய தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஜோடியாக வந்தால் இரண்டு என்று பதியுங்கள், ஆணை மட்டும் எண்ணிவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பிளம் மரத்தின் மொட்டைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும், வலை போட்டு மூடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக வேலி. விவசாயிகள் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலி வெட்டக்கூடாது என்று இங்கிலாந்தில் 2024 முதல் விதி இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அந்த விதி இல்லை. அதனால் நாமாகத்தான் கட்டுப்பட வேண்டும். செப்டம்பரிலும் வெட்ட ஓடாதீர்கள், பழமும் விதையும் தீரட்டும், பிப்ரவரிவரை பொறுங்கள். பலகை வேலியை எடுத்துவிட்டு உயிர்வேலி போட இடமிருந்தால் ஹாதார்னும் பிளாக்தார்னும் கலந்து நடுங்கள். மண்ணில்லாமல் வேரோடு விற்கும் கன்றுகள் நவம்பரிலிருந்து மார்ச் வரை நர்சரிகளில் மலிவாகக் கிடைக்கும்.